செட்டிநாட்டு நாவலைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியவை

செட்டிநாட்டைக் களமாகக் கொண்டு புதிதாக வரும் நாவல்களின் அட்டையில் பெரும்பாலும் இரண்டு படங்களில் ஒன்றுதான் இருக்கும்: பர்மா தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்கும் வளவு (வீட்டின் நடு முற்றமும் சுற்றுக்கூடமும்), அல்லது ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. பின்னட்டையில் குடும்பப் பெருமை, மறைந்த காலம் என்று நான்கு வரி. இவற்றை மட்டும் நம்பி வாங்கினால் பாதிப் புத்தகங்களில் ஏமாற்றம்தான். வீட்டின் அழகைக் காட்டப் படங்களே போதும். நாவலிடம் நாம் கேட்பது வேறு. அந்த வீட்டை எழுப்பிய பணம் எங்கிருந்து, என்ன வட்டியில் வந்தது? அதற்காக யார் யாரை எத்தனை வருடம் பிரிந்திருந்தார்கள்? இன்று அதில் யாருக்கு எத்தனை பங்கு? செட்டிநாட்டுக் கதையை உள்ளிருந்து நகர்த்துபவை இந்த மூன்றும்தான். இவை பிசகாமல் இருக்கும் நாவலில் மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். இவை பிசகினால் நடை எவ்வளவு அழகாக இருந்தாலும் கதை நிற்காது.

சரித்திர நாவல் என்றால் முதலில் எல்லைகளைப் பாருங்கள். கதை 1930இல் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "சிவகங்கை மாவட்ட கலெக்டர்" என்று ஒரு வரி வந்தால் அங்கேயே நின்றுவிடலாம். சிவகங்கை மாவட்டம் உருவானது 1985இல். அதற்கு முன் காரைக்குடியும் தேவகோட்டையும் 1910இல் அமைந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. ராயவரம், அரிமளம் போன்ற ஊர்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணையும்வரை அங்கே தனி ராஜா, தனி நிர்வாகம், தனிக் கோர்ட்டு. சில மைல் தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு இடையே பெண் கொடுத்துப் பெண் எடுத்தாலும், வழக்கு என்று வந்தால் ஒரு தரப்பு பிரிட்டிஷ் கோர்ட்டில், மறு தரப்பு சமஸ்தானக் கோர்ட்டில். நல்ல நாவலாசிரியருக்கு இது அள்ள அள்ளக் குறையாத சரக்கு. தெரியாதவர் செட்டிநாடு முழுவதையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் போட்டுவிடுவார்.

அடுத்தது காசு. 1957 ஏப்ரல் 1க்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. அந்தக் காலத்துக் கதையில் ஐம்பது பைசா மிட்டாய் வாங்கினால் எழுத்தாளர் கவனிக்கவில்லை என்று பொருள். இதைவிட முக்கியமானது வட்டியைச் சொல்லும் முறை. வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று எந்தச் செட்டியாரும் அன்று பேசவில்லை. நூற்றுக்கு, மாதத்துக்கு என்பதே கணக்கு. "நூத்துக்குப் பத்தணா" என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 10 அணா, அதாவது வருடத்துக்கு ஏழரை ரூபாய். "ஒரு ரூபா வட்டி" என்றால் வருடத்துக்கு 12 ரூபாய். "ஒன்றரை ரூபா" என்றால் 18. இந்த வித்தியாசத்தில்தான் தொழிலே நடந்தது. பர்மாவின் ரங்கூனில் செட்டியார்களின் வட்டிக் கடைகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு நடப்பு வட்டியை மாதத்துக்கு ஒருமுறை கோயிலில் கூடி முடிவு செய்தார்கள். உள்ளே குறைந்த வட்டிக்கு வாங்கி வெளியே கூடுதல் வட்டிக்குக் கொடுப்பதன் இடைவெளியே லாபம். ஒரு நாவலில் செட்டியார் தன் சொந்தப் பெட்டிப் பணத்தை மட்டுமே கடன் கொடுத்துக்கொண்டிருந்தால், அந்தத் தொழிலின் பாதியை ஆசிரியர் தவறவிட்டுவிட்டார். கோயில் பணமும், உறவினர் பணமும், பெண்கள் பெயரில் போட்டு வைத்த சீதனப் பணமும் கடை முதலோடு சேர்ந்து சுழன்றன. அதனால்தான் ஒரு கடை முறிந்தால் ஒரு ஊரே அதிர்ந்தது.

மூன்று வருடக் கணக்கு

வியாபாரத்துக்குக் கடல் கடந்து போவதைக் கொண்டுவிக்கப் போவது என்பார்கள். போனவர்களில் பெரும்பாலோர் முதலாளிகள் அல்லர், சம்பளத்துக்குப் போன ஆட்கள். கிளம்பும் முன் சம்பளச் சீட்டு எழுதுவார்கள். பொதுவாக மூன்று வருடத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்குப் போகும், மீதி தவணை முடிந்து கணக்கு ஒப்படைத்த பிறகு. கடையில் மேலாள், அவருக்கு அடுத்தாள், அவருக்குக் கீழே பெட்டியடிப் பையன் என்று படிநிலை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பெட்டியடியில் உட்கார்ந்த பையன்தான் பதினைந்து வருடம் கழித்து மேலாளாகப் போவான்.

இதைக் கொண்டு நாவலைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. குடும்பத்தில் பிள்ளைகளின் வயதைக் கூட்டிப் பாருங்கள். மனைவி ஊரில், கணவன் பர்மாவில் அல்லது மலாயாவில். 20ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் பெண்கள் கடல் கடந்து போனது அரிது. ஆகவே ஆள் ஊரில் இருந்த மாதங்களை ஒட்டித்தான் பிள்ளைகள் பிறந்திருக்க முடியும். அண்ணன் தம்பிக்கு இடையே மூன்று, நான்கு வயது இடைவெளி இயல்பாக விழும். கணவன் ரங்கூனில் இருக்கும் வருடங்களில் ஊரில் ஆண்டுக்கு ஒரு பிள்ளை பிறக்கும் நாவல்கள் உண்டு. ஆசிரியர் அதைக் கதை முடிச்சாக வைத்திருந்தால் சரி. கவனிக்காமல் விட்டிருந்தால், அந்தப் பிரிவின் எடையை அவர் உணரவே இல்லை. மாமனார் வீட்டு அறையில் மூன்று வருடம் தனியாக இருக்கும் பதினெட்டு வயதுப் பெண்ணின் நாட்கள் எப்படிக் கழிந்தன என்பதை எழுதும் நாவல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நல்ல செட்டிநாட்டு நாவல் பாதி ரங்கூனிலும் பாதி வளவிலும் நடக்க வேண்டும். வளவில் நடக்கும் பாதி எழுதக் கடினமானது.

கடிதத்தையும் கவனியுங்கள். சென்னையிலிருந்து ரங்கூனுக்குக் கப்பல் பயணமே சில நாள். ஊரிலிருந்து சென்னைக்குப் போகும் நாளும் கப்பலுக்குக் காத்திருக்கும் நாளும் தனி. ஒரு கேள்வி போய் பதில் வரக் குறைந்தது இரண்டு, மூன்று வாரம். தந்தி உண்டு, ஆனால் அது சாவுக்கும் கடை முறிவுக்கும்தான் வரும். தந்திக்காரன் தெருவில் நுழைந்தாலே வீடுகள் அடங்கிப்போனதற்குக் காரணம் அதுவே. அடுத்தடுத்த அத்தியாயங்களில் கணவனும் மனைவியும் கடிதத்தில் சண்டை போட்டுச் சமாதானமாகிவிட்டால் இடையில் மாதங்கள் ஓடியிருக்க வேண்டும். ஓடியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடை உள்ளே எப்படி இருக்கும்? ரங்கூன் முகல் தெருவிலும் பினாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் இருந்தவை கிட்டங்கிகள். நீண்ட கூடம், அதில் பல கடைகள் பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றுக்கும் ஒரு மரப்பெட்டி, சாய்வான சின்ன எழுத்துப் பெட்டி, ஒரு பாய். பகலில் தரையில் சம்மணம் போட்டுக் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் படுக்கை. சமையலுக்குப் பொது ஆள். மேஜை நாற்காலியோடு தனி அறையில் மணி அடித்துப் பியூனைக் கூப்பிடும் மேலாளை 1910இல் வைத்துக் காட்டும் நாவல் சினிமா பார்த்து எழுதப்பட்டது. கோடிக்கணக்கில் புழங்கிய மனிதர்கள் அந்தத் தரைப்பாயில் இருந்த சிக்கனம்தான் ஊரில் அவர்கள் கட்டிய வீட்டின் மறுபக்கம். இரண்டையும் சேர்த்து வைக்கும்போதுதான் மனிதர் பிடிபடுகிறார்.

வீடு, புள்ளி, பங்கு

வீட்டைப் பற்றி எழுதாத செட்டிநாட்டு நாவல் இல்லை. ஆனால் வீடு எப்படி இயங்கியது என்பது பலவற்றில் இருக்காது. தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும் கட்டடம்: முகப்பு, திண்ணை, பிறகு வளவு, அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி. முகப்பில் ஆண்கள், வியாபாரப் பேச்சு. பின்கட்டில் பெண்கள், சமையல், வற்றல் வடகம். வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் விருந்தினருக்கானவை அல்ல. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. சீர் வந்த பாத்திரம், பெட்டகம் எல்லாம் அதற்குள். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் வேறு வைப்பார்கள். அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிச் செலவு. வருடத்துக்கு இத்தனை மூட்டை நெல், இவ்வளவு பணம் என்று பெரியவர் அளந்து கொடுப்பார். ஆகவே "நாற்பது பேர் ஒரே பந்தியில் சாப்பிடும் கூட்டுக் குடும்பம்" என்று எழுதினால் அது விசேஷ நாளில் மட்டுமே உண்மை. ஒரே கூரைக்குக் கீழ் ஆறு அடுப்பு, ஆறு கணக்கு. மருமகள்களுக்கு இடையே வரும் உரசலும் உதவியும் இந்த ஏற்பாட்டிலிருந்துதான் பிறக்கின்றன.

கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. அந்தப் புள்ளி அவர்களுடைய நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) கோயிலில் பதிவாகும், புள்ளி வரி கொடுக்கும். கோயில்கள் ஒன்பது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணிக்கோயில், பிள்ளையார்பட்டி. கல்யாணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். ஒரே கோயிலுக்குள் பொதுவாகப் பெண் எடுப்பதில்லை. பெரிய கோயில்களின் உட்பிரிவுகளுக்கு இடையே எடுக்கும் முறை உண்டு. காதல் கதை எழுதுகிறவர் சாதிக்கு வெளியே தடையைத் தேடிப் போக வேண்டியதில்லை. இருவரும் ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் சாதிக்குள்ளேயே அவர்கள் அண்ணன் தங்கை. பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளை கூட்டுவதும் (தத்தெடுப்பதும்) இந்தக் கோயில் முறைப்படிதான். அதனால் யாரைக் கூட்டுவது, எவ்வளவு சொத்தோடு என்பது பெரிய பேரம். இந்த இடத்தைத் தொட்ட நாவல்கள் குறைவு, எழுத இடம் நிறைய இருக்கிறது.

பெயர்களிலும் விஷயம் இருக்கிறது. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். சாத்தப்பன் மகன் லெட்சுமணன், லெட்சுமணன் மகன் மறுபடி சாத்தப்பன். கடையின் விலாசமும் (வியாபாரப் பெயரும்) இந்தப் பெயர்களின் முதலெழுத்துகளில்தான் அமையும். நான்கு தலைமுறைக் கதையில் எல்லாருக்கும் புதுப் பெயர் வைத்தால் வாசகனுக்கு வசதி, ஆனால் விலாசம் கட்ட முடியாது. பேச்சில் அப்பச்சி (அப்பா), ஆத்தா (அம்மா), ஐயா (தாத்தா), அப்பத்தா (அப்பாவின் அம்மா), ஆயா (அம்மாவின் அம்மா), அண்ணமிண்டி (அண்ணன் மனைவி), அம்மான் (தாய்மாமன்) ஆகியவை இடம் மாறாமல் வருகின்றனவா என்று பத்துப் பக்கத்துக்குள் தெரிந்துவிடும். ஆச்சி என்பது இங்கே கல்யாணமான பெண்ணுக்கு மரியாதைச் சொல், இருபது வயதுப் பெண்ணும் ஆச்சிதான். திருநெல்வேலிப் பாட்டியாக அவரை எழுதிவிடக் கூடாது.

பொருட்களில் இரண்டு பிழைகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஒன்று கழுத்துரு. கனமான தங்கக் கோவை அது. கல்யாணத்திலும் சாந்திக் கல்யாணத்திலும்தான் (அறுபதாம் கல்யாணம்) வெளியே வரும், மற்ற நாளில் பெட்டகத்தில் இருக்கும். கழுத்துருவோடு கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கதாநாயகி அசல் அல்ல. இன்னொன்று ஆத்தங்குடிக் கல். 1860இல் நடக்கும் கதையில் அது இருக்க முடியாது. சிமென்ட் புழக்கத்துக்கு வந்த பிறகு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேர்பிடித்த தொழில் அது. அதைச் சூளையில் சுடுவதும் இல்லை. கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் வடிவ அச்சு, அச்சின் அறைகளில் சாயம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, அச்சை ஆட்டாமல் தூக்க வேண்டும். கை நடுங்கினால் நிறம் ஒன்றோடொன்று கலந்துவிடும். மேலே உலர்ந்த சிமென்ட் மணல் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டம் செய்து, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறவிடுவார்கள். கண்ணாடி தானே விலகும், அதன் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். தரையை வர்ணிக்கப் பத்து வரி செலவழிக்கும் நாவல், அதைச் செய்த கைக்கு இரண்டு வரியாவது ஒதுக்கியிருக்கிறதா என்று நான் பார்ப்பேன். சமையல்காரர், கொத்தனார், ஆசாரி, மாட்டுவண்டிக்காரர், துணி வெளுத்தவர் இல்லாமல் அந்த வீடுகள் ஒரு நாளும் நின்றதில்லை. அவர்கள் பெயரில்லாமல் வந்து போகும் செட்டிநாட்டு நாவல் முழுமை பெறாது.

பர்மாக்காரன் எங்கே?

செட்டிநாட்டுச் சரித்திர நாவல்களில் பெரும்பாலானவை 1942இல் அழத் தொடங்குகின்றன. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது குண்டு, 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கையில், லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும், எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்குக் காட்டுப் பாதையில் நடந்தும் வந்த கதை. நெஞ்சை உருக்குவதுதான். ஆனால் உண்மையான முறிவு பத்து வருடம் முந்தையது. 1930க்குப் பின் உலக மந்தத்தில் நெல் விலை பாதிக்கும் கீழே போனது. அதற்கு முன் பத்து வண்டி நெல்லில் இரண்டை விற்று வட்டி கட்டிய விவசாயி இப்போது நான்கு, ஐந்து வண்டி விற்க வேண்டும். 500 ரூபாய் ஒன்றரை வட்டிக்கு வாங்கியவருக்கு வருடம் 90 ரூபாய் வட்டி, மூன்று வருடம் கட்டாவிட்டால் 270 நிலுவை. நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம்.

கடைக்காரனுக்கு நிலம் வேண்டாம், பணம்தான் வேண்டும். நிலமாக மாறிய முதல் சுழலாமல் முடங்கிப்போனது. விவசாயிக்கோ தாத்தா திருத்திய வயல் பறிபோனது. இருவரும் தோற்ற கணக்கு அது. அந்தக் கோபமே பர்மாவில் இந்தியர் மீதான வெறுப்பாக வளர்ந்தது. 1937இல் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது, 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. ஊர் திரும்பிய செட்டியாரின் கண்ணீரை மட்டும் காட்டி, பர்மாவின் பெக்கு வயலில் நிலம் இழந்தவனுக்கு ஒரு பெயர்கூடக் கொடுக்காத நாவலை என்னால் முழு மனதோடு பரிந்துரைக்க முடியவில்லை. இரண்டு பக்கத்தையும் ஒரே கதையில் நிறுத்தும் நாவல் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்றைய காலத்தில் நடக்கும் பொது நாவல்களுக்கு வேறு சோதனை. அவற்றில் கதை பெரும்பாலும் வீட்டை விற்பதா, இடிப்பதா, ஹோட்டலுக்குக் குத்தகை விடுவதா என்பதுதான். பங்கைப் போட்டுப் பாருங்கள். கட்டியவருக்கு நான்கு மகன்கள் என்றால் ஆளுக்குக் கால் பங்கு. ஒவ்வொருவருக்கும் நான்கு மகன்கள் என்றால் பதினாறில் ஒன்று. அடுத்த தலைமுறையில் அறுபத்து நான்கில் ஒன்று. அவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருப்பார்கள், பத்திரத்தில் எல்லார் கையெழுத்தும் வேண்டும். ஒரே ஆள் முடிவு செய்து ஒரு வாரத்தில் விற்றுவிட்டால் அது கதைக்குச் சௌகரியம் மட்டுமே. பெண் பங்கு வரும் இடத்திலும் வருடம் முக்கியம். தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டப்படி 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணமான மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கிடைக்கவில்லை, மத்தியச் சட்டம் 2005இல்தான் அந்த நிலையை மாற்றியது. ஒரே வீட்டில் அக்காவுக்குப் பங்கில்லை, தங்கைக்கு உண்டு என்ற நிலை அந்தப் பதினாறு வருடங்களில் இருந்தது. சண்டை இல்லாமலா இருந்திருக்கும்? இடிக்கும் வீட்டின் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வரும், அங்கே பழைய சாமான் கடைகளில் ஒரு குடும்பத்தின் சமையல் பாத்திரம்கூட எடைக்குக் கிடைக்கும்.

புதிய நாவல்கள் பெரும்பாலும் ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி வருகின்றன. அவசரத்தில் அச்சான முதல் பதிப்பில் ஆண்டும் வயதும் குழம்புவது அதிகம். உரிமைப் பக்கத்தில் திருத்திய இரண்டாம் பதிப்பு என்று இருந்தால் அதையே வாங்குங்கள். முன்னுரையில் ஆசிரியர் எந்தப் பேரேட்டை, எந்தக் கடிதக் கட்டை, யாருடைய வாய்மொழியைப் பார்த்தார் என்று சொல்லியிருந்தால் நம்பிக்கை கூடும். நன்றி சொல்லும் பட்டியலில் பெண்களின் பெயர் இருக்கிறதா என்பதும் கவனிக்கத்தக்கது, வளவின் கதையைச் சொல்லக் கூடியவர்கள் அவர்கள்தான். சந்தேகம் வந்தால் சரிபார்க்க வழி இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுதும் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் இன்று சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தில் உள்ளன. சொ. முருகப்பாவின் குமரன், ராய. சொக்கலிங்கனின் ஊழியன் போன்ற காரைக்குடி இதழ்களைப் புரட்டினால் அந்தக் கால விலை, விளம்பரம், வழக்குச் சண்டை, சீதனத்துக்கு எதிரான தலையங்கம் எல்லாம் கிடைக்கும். இப்போது பல நாவல்கள் சில நூறு படிகள் மட்டுமே அச்சாகி, தீரத் தீர மறுபடி அச்சிடப்படுகின்றன. ஆகவே பிழை கண்டால் பக்க எண், வரி, சரியான தகவல், அதற்கான ஆதாரம் நான்கையும் எழுதிப் பதிப்பகத்துக்கு அனுப்புங்கள். அடுத்த அச்சில் திருத்தப்பட வாய்ப்பு உண்டு.